மான் தேட எதை வாங்குவது: பெரிய பைனாகுலரா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பா?

அரிசோனாவில் முதல் முறையாக மான் டேக் (மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு) கிடைத்தவர்கள் துப்பாக்கி பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். அப்புறம் கண்ணாடிப் பேச்சு ஆரம்பிக்கும். சீசன் முடிந்த பிறகும் அது ஓயாது. கழுத்தில் தொங்கவிடும் 10x42 பைனாகுலர் (10 பவர், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும்; முன் லென்ஸ் 42 மி.மீ.) எல்லோரிடமும் இருக்கிறது. அது போதாது என்பது மலைக்கு எதிரே ஒரு காலை நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். அடுத்து எது? ட்ரைபாடில் மாட்டிப் பார்க்கிற 15x56, 18x56 மாதிரியான பெரிய பைனாகுலரா? ஒற்றைக் கண்ணால் பார்க்கும், 20 முதல் 60 பவர் வரை ஜூம் ஆகும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? நல்லதாக வாங்கினால் இரண்டுமே பர்ஸைக் காலி செய்யும். இரண்டையும் சேர்த்து முதுகில் ஏற்றினால் மலை ஏற முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர் பைனாகுலர் வாங்கட்டும். அலாஸ்கா மலையாடு போன்ற வேட்டைக்குப் போகிறவருக்கு ஸ்கோப் இல்லாமல் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், விலங்கு கண்ணில் பட்ட பிறகு தான் என்ன முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொள்ள வேண்டும். "இன்னும் பவர் அதிகம் வேண்டுமா" என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் தவறான பெட்டிதான் வீட்டுக்கு வரும்.

(இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்கான பேச்சு. பள்ளிக்கரணையில் பறவை பார்ப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் சதுப்பு நிலத்தில் தூரத்தில் நிற்கும் உள்ளானை இன்னதென்று பிரித்தறிய வேண்டியவர்கள், அடுத்த பத்திகளைப் படிக்காமலே ஸ்கோப் வாங்கிக்கொள்ளலாம்.)

தேடுவது

டூசானிலிருந்து மெக்சிகோ எல்லை வரை பாலைவனத்தின் நடுவே தீவு தீவாக மலைகள் எழும்பி நிற்கின்றன: சாண்டா ரீட்டா, ஹுவாச்சூகா, சிரிகாவா. அடிவாரத்தில் புல்லும் கள்ளியும், மேலே கருவாலியும் ஜூனிப்பரும், அதற்கும் மேலே பைன். இந்தச் சரிவுகளில் திரிவது வெள்ளைவால் மானின் சிறிய வகையான கூஸ் மான். வளர்ந்த ஆணே 45 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தோள் உயரம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், அந்த மலையின் பாறையும் அதே நிறம். வேட்டைக்காரர்கள் இதைச் சாம்பல் பேய் என்று அழைப்பதில் மிகையே இல்லை.

இதை நடந்து தேடிப் பிடிக்க முடியாது. நாம் அதைப் பார்ப்பதற்குள் அது நம்மைக் கேட்டுவிடும். ஒரு முகட்டில் உட்கார்ந்து எதிர்ச் சரிவைக் கண்ணாடியால் சலிப்பதுதான் வழி. கிளாஸிங் என்பார்கள். தூரம் அரை கிலோமீட்டர், சில இடங்களில் ஒன்றரை கிலோமீட்டர். சரிவை மனதுக்குள் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை ஓர் இடத்தில் நிறுத்தி, அதற்குள் தெரியும் வட்டம் முழுவதையும் கண்ணால் மேய்ந்து, பிறகு மெதுவாக அடுத்த வட்டத்துக்கு நகர்த்த வேண்டும். முழு மான் ஒருநாளும் தெரியாது. நேராக நிற்கும் மரத் தண்டுகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, ஈ விரட்ட அசையும் ஒரு காது, நிழலில் ஒரு வெள்ளைத் தொண்டை. அவ்வளவுதான். இப்படி மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். காலையில் பார்த்து முடித்த அதே சரிவை, நிழல் நகர்ந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஸ்கோப் சரிப்படாது. முதல் காரணம் கண். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தாலே மூடிய கண்ணைச் சுற்றித் தசை இழுக்கும், திறந்த கண்ணில் நீர் கோக்கும். மூன்று மணி நேரம் யாராலும் முடியாது. கண்ணுக்கு ஒட்டுத் துணி கட்டிக்கொண்டு பார்ப்பவர்கள் உண்டு, அது ஓரளவு உதவும். ஆனாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது மூளைக்குக் கிடைக்கிற படம் தெளிவில் ஒரு படி மேல்தான். மங்கலான வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், ஸ்கோப் வைத்திருப்பவர் அரை மணி நேரத்தில் சலித்துப்போய்ப் போனை எடுப்பார், பைனாகுலர் வைத்திருப்பவர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார். மான் எழுந்து நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது அரை மணி நேரத்தில்தான்.

இரண்டாவது காரணம் பரப்பு. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 10x42 பைனாகுலரில் ஏறக்குறைய 110 மீட்டர் அகலம் தெரியும். 15x56-இல் 75 மீட்டரை ஒட்டி. பெரிய ஸ்கோப்பைக் குறைந்த பவரில் வைத்தால் 40 மீட்டர் அளவில், 60 பவருக்கு ஏற்றினால் அதில் பாதிதான். அகலம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிறது. ஒரே சரிவைச் சலிக்க நாலு மடங்கு நிறுத்தங்கள் வேண்டும். அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே மான் காதாட்டினால் நமக்குத் தெரியப்போவதில்லை.

அந்த ஊர் ஆட்கள் பல காலமாகவே பெரிய பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டித்தான் உட்கார்கிறார்கள். ஒரு காலத்தில் ஸைஸ் 15x60 பேர்போனது. அப்புறம் ஸ்வரோவ்ஸ்கி எஸ்எல்சி 15x56, வோர்டெக்ஸ் கைபாப், லூப்போல்ட் சாண்டியம் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். வயோமிங்கிலோ மொன்டானாவிலோ பழகியவர்கள் ஸ்கோப்போடு இங்கே வந்து, முதலில் இதைப் பார்த்துச் சிரித்து, அடுத்த வருடம் தாங்களே ஒரு 15x56 வாங்கிக்கொண்டு வருவது வழக்கம்.

பார்த்ததை இன்னதென்று சொல்வது

சரி, மான் கிடைத்துவிட்டது. இனி அது ஆணா, கொம்பு எவ்வளவு, சுடலாமா? இங்கேதான் ஸ்கோப் தன் பெருமையைக் காட்டும். எவ்வளவு காட்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய 60 விகலை. அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 15 பவர் கண்ணாடி வைத்தால் அது 4 விகலையாகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது சுமார் 2 சென்டிமீட்டர். கூஸ் மானின் கொம்புக் கிளை கிட்டத்தட்ட விரல் தடிமன்தான். ஆக, ஒரு கிலோமீட்டரில் 15 பவர் பைனாகுலரில் கொம்பு இருப்பது தெரியும், கிளையை எண்ண முயன்றால் தடுமாறும். அரை கிலோமீட்டருக்குள் வந்தால் எண்ணிவிடலாம். 85 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 60 பவரில் வைத்தால் அந்த 2 சென்டிமீட்டர், லென்ஸின் அளவு விதிக்கும் எல்லையையும் சேர்த்த கணக்குப்படி, 7 மில்லிமீட்டராகச் சுருங்கும். மூன்று மடங்கு நுட்பம், சாதாரணம் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு போடும்போது காற்றைச் சேர்க்கவில்லை. அரிசோனாவில் துப்பாக்கி மான் சீசன் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை துண்டு துண்டாக வரும். அக்டோபர், நவம்பரில் காலை ஒன்பது, பத்து மணிக்கே தரை சூடேறிக் கானல் எழும்பத் தொடங்கிவிடும். 15 பவரில் லேசாக நெளியும் படம், 60 பவரில் கொதிக்கும். கொம்புக் கிளை மூன்றா நான்கா என்று பார்க்கப்போனால் மானே நீருக்கடியில் நிற்கிற மாதிரி இருக்கும். எத்தனை ஆயிரம் டாலர் லென்ஸ் ஆனாலும் இதற்கு மருந்து கிடையாது. இன்னும் சொல்லப்போனால், லென்ஸ் எவ்வளவு நல்லதோ அவ்வளவு தெளிவாகக் கானலைக் காட்டும். ஸ்கோப்பை 25, 30 பவருக்கு இறக்குவீர்கள். அப்போது 15 பவர் பைனாகுலரைவிட உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மடங்குதான், அதுவும் ஒற்றைக் கண்ணில். குளிர்ந்த காலையின் முதல் ஒரு மணி நேரமும், மேகம் மூடிய நாளும் இதற்கு விலக்கு.

வெளிச்சத்திலும் இதே கதைதான். முன் லென்ஸின் மில்லிமீட்டர் அளவைப் பவரால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 15x56-இல் 3.7 மி.மீ., 85 மி.மீ. ஸ்கோப்பில் 30 பவரில் 2.8, 60 பவரில் வெறும் 1.4. மான் நடமாடும் அந்தி நேரத்தில் நம் கண்பாவை 5 மி.மீ. வரை, இளவயதினருக்கு அதற்கு மேலும் விரியும். 1.4 மி.மீ. என்றால் பெரிதாகவும் இருட்டாகவும் ஒரு படம். அந்தி மயங்கிய பிறகு 60 பவரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அரிசோனாவில் வழக்கமான வெள்ளைவால் மான் டேக், கொம்புள்ள மான் என்று மட்டும்தான் கேட்கிறது. இரண்டு கிளையோ நான்கு கிளையோ, கொம்பு இருந்தால் போதும். அதைச் சொல்ல 15 பவர் தாராளம். கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்குப் போனால் விஷயம் கொஞ்சம் இறுகும். அங்கே பல பகுதிகளில் ஆண் எல்க்குக்கு ஒரு பக்கக் கொம்பிலாவது 4 கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை 5 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். ஆனால் எல்க் பெரிய விலங்கு, கிளையும் தடிமன். பெரும்பாலான நேரம் பைனாகுலரே பதில் சொல்லிவிடும். சந்தேகம் வருவது இளம் ஆண்களில்தான். சந்தேகம் இருந்தால் சுடாதே என்பது கண்ணாடி எதுவானாலும் மாறாத விதி.

அலாஸ்காவின் மலையாடான டால் ஆடு முற்றிலும் வேறு. அங்கே பெரும்பாலான பகுதிகளில் சட்டப்படி சுடக்கூடிய கடாவுக்கு மூன்று அடையாளங்களில் ஒன்று வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு கொம்பாவது முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பின் நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது கொம்பின் வருட வளையங்களை எண்ணி வயது குறைந்தது எட்டு என்று காண வேண்டும். வளையத்தை எண்ணுவது! கடா நிற்பது 400 மீட்டருக்கு அப்பால், பாறை விளிம்பில். மேலே போட்ட கணக்குப்படி 15 பவரில் அந்தத் தூரத்தில் 8 மி.மீ.க்குக் குறைந்தது எதுவும் தெரியாது. 60 பவரில் 3 மி.மீ. வரை இறங்கலாம். வளையம் என்பது கொம்பில் ஒரு பள்ளக் கோடு, அவ்வளவே. தவறாக எண்ணிச் சுட்டால் அது சட்டவிரோத வேட்டை. குளிர்ந்த காற்று என்பதால் கானலும் பாலைவனத்தில் போல் வாட்டாது. இங்கே ஸ்கோப்புக்கு மாற்று கிடையாது. நல்ல 10x42-ஐக் கையில் வைத்துத் தேடலாம், மரமில்லாத பச்சைச் சரிவில் வெள்ளை ஆட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. முடிவு ஸ்கோப்பில்தான்.

ஒரு சேமிப்பு யோசனை: அலாஸ்காவில் குடியிருக்காத அமெரிக்கக் குடிமக்கள் டால் ஆட்டு வேட்டைக்குப் போக, உரிமம் பெற்ற வழிகாட்டியோ அங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும். வழிகாட்டி என்றால் அவரிடமே தரமான ஸ்கோப் இருக்கும். வாழ்நாளில் ஒரு முறை போகும் பயணத்துக்காக நீங்கள் ஒன்று வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சுமையும் ட்ரைபாடும்

நிறையப் பேர் பைனாகுலர் என்றால் இலகு, ஸ்கோப் என்றால் கனம் என்று நினைக்கிறார்கள். 15x56 ஒன்று 1.2 கிலோவைத் தொடும். 85 மி.மீ. ஸ்கோப் 1.8 கிலோ பக்கம் வரும். ஆனால் 50, 55 மி.மீ. சின்ன ஸ்கோப்புகள் ஒரு கிலோவைச் சுற்றித்தான். ஆகவே எடையை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. முதுகுப்பையில் பல நாள் தங்கும் பயணத்துக்கு 10x42-உம் சின்ன ஸ்கோப்பும் நல்ல ஜோடி. வண்டியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறி உட்காரும் அரிசோனா முகட்டுக்குப் பெரிய பைனாகுலர் சுமையே இல்லை.

இரண்டுக்குமே ட்ரைபாட் வேண்டும். 15 பவரைக் கையில் பிடித்து நாள் முழுக்கப் பார்ப்பேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கண்ணாடிக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டு ட்ரைபாடுக்கு நாற்பது டாலர் செலவழிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் அபத்தம். காற்று அடித்தால் படம் நடுங்கும், அதோடு லென்ஸின் அருமையெல்லாம் போயிற்று. உட்கார்ந்த நிலையில் கண் மட்டத்துக்கு வரும் கார்பன் ஃபைபர் ட்ரைபாடும், கைப்பிடியைத் தொட்டால் தயங்காமல் வழுக்கி நகரும் ஹெட்டும் வாங்குங்கள். பைனாகுலரை மாட்ட அதன் நடு அச்சில் திருகும் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஏற்கெனவே இருக்கும் 10x42-ஐ முதலில் ட்ரைபாடில் மாட்டிப் பாருங்கள். அது என்ன காட்டுகிறது என்று பார்த்த பிறகு, சிலர் எதுவுமே வாங்காமல் ஒரு சீசனைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ட்ரைபாடே வேண்டாம் என்பவர்களுக்கு நடுக்கம் நீக்கும் பைனாகுலர்கள் இருக்கின்றன: கேனன் 15x50, 18x50, ஸிக் ஸூலு6 16x42 போன்றவை. பொத்தானை அழுத்தினால் படம் ஆணியடித்த மாதிரி நிற்கும், நன்றாகவே இருக்கிறது. வில் வேட்டைக்காரர்களுக்கும், நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்கும் கைகொடுக்கும். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சலிக்க, கையே வலி கண்டுவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் கவலையும் உண்டு.

பணம்

மலிவு விலையில் இரண்டுக்கும் வெவ்வேறு வியாதி. 500 டாலரை ஒட்டிய ஸ்கோப்பில் 20 முதல் 35 பவர் வரை குறை சொல்ல ஒன்றும் இருக்காது. 60-க்குத் திருப்பினால் படம் மங்கிக் குழைந்துவிடும். ஆக, பெட்டியில் எழுதிய 60 உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதே விலை 15x56-இல் பவர் மாறாது என்பதால் அந்த ஏமாற்றம் இல்லை. ஆனால் இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கும்படி பொருந்தியிருக்க வேண்டும். 8 பவரில் கண் சமாளித்துக்கொள்ளும் சின்னக் கோணல், 15 பவரில் தலைவலியாக வரும். ஒரு முறை கீழே விழுந்த பெரிய பைனாகுலரைப் பழைய சாமானாக வாங்கவே வாங்காதீர்கள். ஒற்றைக் குழல் ஸ்கோப்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

1,500 டாலர் அளவில் வந்துவிட்டால் இரண்டிலும் உண்மையாகவே நல்ல கண்ணாடி கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது அந்தி நேரத்தில் சில நிமிடம் கூடுதல் வெளிச்சம். அது வேண்டுமா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. 10-30x60 என்று ஜூம் ஆகும் ஐம்பது டாலர் பைனாகுலர்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பணம் பொருட்டே இல்லை என்பவருக்கு ஸ்வரோவ்ஸ்கி 2017இல் கொண்டுவந்த பிடிஎக்ஸ் இருக்கிறது: ஸ்கோப்பின் முன் லென்ஸ், பின்னால் இரண்டு கண்ணுக்கும் பார்வைக் குழல், முன் லென்ஸைப் பொறுத்துப் பவர் 30, 35 அல்லது 40. இந்தக் கட்டுரையின் வாதத்தையெல்லாம் அது ஒரே அடியில் தீர்த்துவிடும். கனமும் விலையும் வேறு விதமான வாதத்தைத் தொடங்கி வைக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, நம்மில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். பின் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் வரை முழு வட்டமும் தெரிகிறது என்ற அளவு குறைந்தது 15 மி.மீ.யாவது இருக்க வேண்டும். பல ஜூம் ஸ்கோப்புகளில் பவர் ஏற ஏற வட்டம் ஓரத்தில் கறுக்கும். கடையில் மூக்குக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு வழி எளிது. ஒருவர் பெரிய பைனாகுலரும் இன்னொருவர் ஸ்கோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், ட்ரைபாட் ஹெட்டில் மாட்டும் தட்டு இருவரிடமும் ஒரே வகையாக இருக்கட்டும். தேடுவது பைனாகுலரில், கண்டுபிடித்ததும் ஸ்கோப். அதில் போனை மாட்டிப் படம் எடுத்து, அந்தக் கருவாலிக்குக் கீழே இடது பக்கம் என்று காட்டிவிடலாம். சாய்ந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) உள்ள ஸ்கோப்பானால் உயரம் வேறுபட்ட இருவரும் ட்ரைபாடை மாற்றாமல் பார்க்க முடியும். துப்பாக்கியின் ஸ்கோப்பில் தேடும் பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம். எதிர்ச் சரிவில் நீங்கள் பார்ப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

தனியாகப் போகிறீர்கள், கையில் ஒன்றுக்குத்தான் காசு, எங்கே போவீர்கள் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் 15x56 வாங்குங்கள். 18x56 வேண்டாம். ஒளிவட்டம் 3.1 மி.மீ.க்குக் குறைகிறது, பரப்பும் சுருங்குகிறது, கூடுதலாகக் கிடைக்கும் 3 பவர் அதற்கு ஈடு இல்லை. கடைக்கு மாலையில் போங்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் நன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு எடுத்துப்போய், ட்ரைபாடில் வைத்து, தெருக்கோடியில் இருக்கும் பலகையைப் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் லேசாக இழுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.